எனக்காக அருளானந்தம் இருந்த உபவாசம்

நான் சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி போதகர் கேட்டார். “கணையத்திலை கட்டி வந்து தப்பினவர் எங்கடை சபையிலை நீங்கள் ஒராள்தான், மாஸ்டர். கஷ்டத்திலை விசுவாசத்தை விடாமல் பிடிச்சுக்கொண்டு இருந்தியள். எழுதித் தாங்கோ, மற்றவைக்குத் தைரியமாயிருக்கும்” என்றார். எழுதிவிட்டேன். அவர் எதிர்பார்த்தது இதுவாக இராது. மலரில் போடுவதா விடுவதா என்று அவரே முடிவு செய்யட்டும்.

விசுவாசத்தை நான் விடவில்லை என்பது உண்மை. ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரமும் ஒருநாள் தவறாமல் ஜெபித்தேன். என்ன கேட்டு ஜெபித்தேன் என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை. அருளானந்தம் விழவேண்டும் என்று கேட்டேன். அதை என் காதால் கேட்கும்வரை என்னை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டேன்.

டோர்ட்மண்டுக்கு நாங்கள் அகதிகளாக வந்த புதிதில், அருளானந்தமும் நானும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். நான் ஊரில் கணித ஆசிரியர். இங்கே பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் தட்டுக் கழுவினேன். அவன் என்னைவிட மூன்று வயது இளையவன், ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவன். ஜெர்மன்காரரின் தேவாலய மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் இரவல் வாங்கி, பதினொரு பேரை வைத்துத் தமிழ்ச் சபையைத் தொடங்கியது நாங்கள் இருவரும்தான். என் மனைவி கிறேஸின் தம்பிக்கு மனம் குழம்பியபோது, அவனைத் தன் காரில் ஏற்றி மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனவன் அருளானந்தம். வீட்டுக்கு வெளியே அந்த விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவனே.

அதற்கு இரண்டு வருடம் கழித்து என் மகள் ஷாமினிக்குப் பாரிஸில் சம்பந்தம் பேசினோம். மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் அடித்தாயிற்று. கலியாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கையில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பெண்ணின் தாய்வழியில் பைத்தியம் இருக்கிறது என்று எழுதியிருந்ததாம். அவர்கள் தொலைபேசியில் நாலு வார்த்தை பேசிச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள்.

தெரிந்தவன் ஒருவன் என்றால் எழுதியவனும் அவன்தான். என் கணக்கு அவ்வளவுதான். அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த சில மாதங்களில் அவன் மூன்று தரம் வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தான். கதவைத் திறக்கக் கிறேஸை நான் விடவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஒரே மண்டபத்தில், அவன் யன்னல் பக்கமும் நான் சுவர்ப் பக்கமுமாக உட்கார்ந்து ஒரே கர்த்தரைத் துதித்தோம். எங்கள் சபையில் இராப்போசன ஆராதனையில் திராட்சைரசத்துக்கு ஒரே கிண்ணம்தான், எல்லோரும் அதில்தான் வாய் வைக்கவேண்டும். அவன் வாய் வைத்த இடத்தில் என் வாய் படக்கூடாதென்று நான் முதல் ஆளாய்ப் போய் நிற்பேன். மாஸ்டருக்கு எவ்வளவு வாஞ்சை என்று சனம் சொல்லியது.

யூரோ வந்து நாலைந்து வருடம் கழித்து, ஒரு மாசி மாதத்தில் எனக்கு உடம்பு அரிக்கத் தொடங்கியது. சொறிந்து சொறிந்து தோல் உரிந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனது. வலி எதுவும் இல்லாததால் நான் பொருட்படுத்தவில்லை. ஷாமினிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தாள்.

“அப்பா, இந்த லைற்றுக்குக் கீழை வாங்கோ. கண் மஞ்சளாயிருக்கு.”

“காலமை மாம்பழம் சாப்பிட்டனான்.”

“மாம்பழம் கண்ணுக்கே போகும்? கோட்டைப் போடுங்கோ.”

குடும்ப டொக்டர் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கான் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அங்கே படுக்கையோடு என்னை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளி, உடம்பை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்ப்பதுபோல் படம் எடுத்தார்கள். மறுநாள் வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி, அடைபட்டிருந்த பித்தம் வடிவதற்குச் சின்ன பிளாஸ்டிக் குழல் ஒன்றை உள்ளே வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் காத்திருக்கவேண்டும். நடையில் நீல நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் தன் பெயரை ஜெர்மன் தாதி எப்படி உச்சரிக்கப் போகிறாள் என்று காது கொடுத்தபடி ஒருவர். என் பெயர் வரும்போதெல்லாம் அவள் பாதியில் நின்று, “அந்த நீளமானவர்” என்று கூப்பிடுவாள்.

சத்திர சிகிச்சை டொக்டர் ஒரு தாளில் படம் வரைந்து விளங்கப்படுத்தினார். இரைப்பைக்குப் பின்னால் ஒரு மீன் படுத்திருப்பதுபோல் கணையம் இருக்கிறது. நாம் உண்பதைக் கரைக்கும் நீரும், இரத்தத்தில் சர்க்கரையை அடக்கும் இன்சுலினும் அதிலிருந்துதான் வருகின்றன. மீனின் தலையில் கட்டி. தலையை வெட்டவேண்டும், அதோடு ஒட்டியிருக்கிற சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை எல்லாவற்றையும் எடுக்கவேண்டும். “வெட்டலாம். அதுவே உங்கள் அதிர்ஷ்டம். அதற்கு மேல் வாக்குத் தர மாட்டேன்” என்றார்.

கிறேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் மனதில் முதலில் வந்தது மனைவியும் அல்ல, மகளும் அல்ல. அவனுக்கு முன்னால் நான் போகப்போகிறேன் என்பதுதான். என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் பாட்டுப் பாடுவான். அவனுக்கு நல்ல குரல். சனம் கண் துடைக்கும். அதை நினைத்தபோது என் கால் விரல்கள் வரை சூடேறியது. அந்தச் சூட்டோடுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வெட்டினார்களாம். கண் விழித்தபோது மூக்கில் ஒன்றும் கழுத்தில் ஒன்றும் வயிற்றில் இரண்டுமாகக் குழாய்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள். பிறகு வோர்ட்டுக்கு மாற்றினார்கள். பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது பொய்த்தது. தைத்த இடத்தில் ஒரு கசிவு. கணைய நீர் தன் பாதையை விட்டு வயிற்றுக்குள் ஒழுகினால், அது நம்முடைய சதையையே கரைக்கும் என்றார்கள். தானாக மூடும்வரை படுத்துக் கிடக்கவேண்டும். ஒழுகியதைப் பிடிக்க, கட்டிலின் பக்கத்தில் ஒரு பை தொங்கியது.

பக்கத்துக் கட்டிலில் நோவாக் என்ற கிழவர். முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். இரண்டாம் நாளே என்னை நீ, வா என்று ஒருமையில் பேசத் தொடங்கிவிட்டார். காலையில் இரத்தம் எடுக்க வருமுன் நான் கண்ணை மூடி வாய்க்குள் ஜெபிப்பதை அவர் கவனித்திருக்கிறார்.

“நீ கடவுளோடா பேசுகிறாய்?”

“ஆம்.”

“எங்கள் பாதிரியார் ஜெபித்தால் தூங்குகிற மாதிரி இருப்பார். நீ வாடகை தராதவன் வீட்டுக் கதவை இடிக்கிற மாதிரி இருக்கிறாய்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. அந்த மனிதர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டார் என்னைக் கைவிடவில்லை. கிறேஸ் தினமும் இரண்டு டிராம் மாறி வருவாள். நான் விழுங்கக்கூடியதாகக் கஞ்சியை வடித்து, போத்தலைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஷாமினி ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கிருந்து நேரே வந்து என் கால் நகங்களை வெட்டிவிடுவாள். ஒருநாள் நான் பழைய கதையை எடுத்தேன். உன் வாழ்க்கையைக் கெடுத்தவன் நல்லாயிருக்கிறான், நான் இங்கே பையோடு கிடக்கிறேன் என்றேன்.

“அப்பா, அந்தப் பாரிஸ்காரர் தன்ரை காரைப் பற்றி என்னோடை ஒண்டரை மணித்தியாலம் கதைச்சவர். என்னைப் பற்றி ஒரு கேள்வி கேக்கேல்லை. கடிதம் எழுதினது ஆரெண்டு தெரிஞ்சால் நான் ஒரு பூங்கொத்து அனுப்புவன்.”

“உனக்கு விளங்காது.”

“எனக்கு முப்பத்தொன்பது வயசு, அப்பா. உங்களுக்குத்தான் அது இன்னும் நேத்து.”

அவள் மன்னித்தது எனக்குப் பிடிக்கவில்லை. என் சொத்தை என்னைக் கேட்காமல் யாரோ தானம் செய்ததுபோல் இருந்தது.

கணையத்தில் பாதி போனதால் எனக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தாதி மொனிக்கா இன்சுலின் ஊசி போடப் பழக்கினாள். ஒரு காலை, ஊசி போட்டபின் கொண்டுவந்த சாப்பாட்டை மணம் பிடிக்காமல் நான் தள்ளிவைத்துவிட்டேன். சிறிது நேரத்தில் கை நடுங்கியது. சட்டை நனையுமளவு வேர்த்தது. நோவாக்கின் முகம் இரண்டாகத் தெரிந்தது. அவர் ஏதோ கேட்டார், சொல் வரவில்லை. அவர்தான் மணியை அழுத்தினார். மொனிக்கா ஓடிவந்து ஆப்பிள் சாற்றை என் வாயில் ஊற்றினாள். தெளிந்தபின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: “இன்சுலின் சாப்பாட்டை எதிர்பார்த்து உள்ளே போகிறது. சாப்பாடு வராவிட்டால் இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் இறக்கிவிடும். மூளைக்கு அதைத் தவிர வேறு உணவு இல்லை. உதவிக்கு ஆள் இல்லாமல் நீங்கள் தனியே இருந்திருந்தால், இப்போது நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். ஊசி போட்டால் சாப்பிடவேண்டும். எழுதி வையுங்கள்.”

எழுதி வைத்தேன். அன்று ஒரு சனிக்கிழமை. அன்று பின்னேரமே கிறேஸ் வந்து சொன்னாள்.

“உங்களுக்காண்டி சபையிலை உபவாசச் சங்கிலி நடக்குது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரர். காலமையிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரைக்கும் தண்ணியைத் தவிர வாயிலை ஒண்டும் வைக்காமல் ஜெபிக்கினம். வெள்ளிக்கிழமையை ஆர் எடுத்தது தெரியுமே? அருளண்ணை. லெந்து நோன்புக் காலம் முடியுமட்டும் எல்லா வெள்ளியும் தனக்குத்தானாம். ரெண்டு வெள்ளி முடிஞ்சுது.”

அருளானந்தம் பல வருடமாக இன்சுலின் போடுகிறவன். சபை விருந்துகளில், சாப்பாட்டுக்கு முன் குசினி மூலையில் திரும்பி நின்று சட்டையைத் தூக்கி ஊசி போடுவான். நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். மனைவி இறந்தபின் அவன் தனியே இருந்தான். டொக்டர் ஊசியைத் தவறவிடக்கூடாது என்று சொல்லியிருப்பார், தவறவிடமாட்டான். உபவாசத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் தொடக்கூடாது, தொடமாட்டான். இரண்டு சொல்லையும் ஒருங்கே காப்பாற்றுகிற ஆள் அவன். எங்கள் சனத்தில் இப்படிச் செய்யக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உபவாசம் என்று டொக்டரிடம் போய்ச் சொன்னால் அது விசுவாசக் குறைவு.

ஒரு வசனம் போதும். “ஊசி போட்டால் உபவாசம் இருக்கவேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லு” என்று நான் கிறேஸிடம் சொல்லியிருக்கலாம். அந்த வசனம் என் தொண்டை வரை வந்தது. நான் கஞ்சியை விழுங்கினேன்.

அடுத்த காலை ஜெபத்தில் எனக்குக் கோபம் இருக்கவில்லை. அமைதி இருந்தது. கர்த்தர் என் சத்துருவை அவன் கையாலேயே கட்டி என்னிடம் தந்துவிட்டார், நான் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். வோர்ட்டுக்கு வந்தபின் அப்படி நன்றாக நான் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை.

மூன்றாவது வெள்ளி கழிந்தது. மறுநாள் கிறேஸ் கஞ்சிப் போத்தலைத் திறந்துகொண்டே சொன்னாள்: “அருளண்ணைக்கு நேத்துப் பின்னேரம் கை நடுங்கி, நல்லா வேர்த்துக் கொட்டினதாம். உங்களுக்காக ஜெபத்திலை போராடேக்கை ஆண்டவற்றை கை தன்மேலை பாரமா இறங்கின மாதிரி இருந்ததாம். பாவம், ரெலிபோனிலை அழுதவர்.”

அது எதன் கை என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்தான் என்மேலும் அது இறங்கியது.

“இனியும் இருக்கப் போறானோ?” என்று கேட்டேன்.

கிறேஸின் கையிலிருந்த கரண்டி நின்றது. பதினொரு வருடத்தில் அவனைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது. அவள் கண் நிறைந்துவிட்டது. “இருப்பார். நீங்கள் விசாரிச்சதை நான் சொல்லட்டே?”

சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாஸ்டர் உங்களைப் பற்றிக் கேட்டவர் என்று. அவன் சந்தோஷத்தில், ஜெபம் கேட்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டான். வருகிற வெள்ளி ஆறு மணியோடு நிறுத்தாமல் சனி காலை வரை இருந்து, அப்படியே என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரப்போவதாகப் போதகரிடம் சொல்லியிருக்கிறான். அந்த வெள்ளி இரவு ஊசியும் போட்டிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒருதரம் மொனிக்கா வந்தபோது, “ஒரு போன் பேசவேண்டும்” என்றேன். கருவியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். அவனுடைய பழைய எண் எனக்கு மறக்கவில்லை. முதல் நாலு எண்ணை அழுத்தினேன். பிறகு கலியாண மண்டபத்தின் பெயரும், பெட்டியோடு எரித்த அழைப்பிதழ்களும் ஞாபகம் வந்தன. வைத்துவிட்டேன்.

“ஆள் இல்லையா?” என்று நோவாக் கேட்டார்.

“இல்லை” என்றேன்.

சனி காலை போதகர் அவனை ஏற்றிவரப் போனார். மணி அடித்தும் திறக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடம் திறப்பு வாங்கித் திறந்தபோது, கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் விழுந்து கிடந்தானாம். கதிரையின் முதுகில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மேசையில் எனக்காக ஒரு பொட்டலம் திராட்சை.

அவன் சாகவில்லை. ஆனால் பல மணித்தியாலம் சர்க்கரை இல்லாமல் கிடந்த மூளை திரும்பவில்லை. நான் இருந்த ஆஸ்பத்திரிக்கே, என்னிலிருந்து இரண்டு மாடி மேலே, அவனைக் கொண்டுவந்தார்கள். கிறேஸ் அதைச் சொல்லி அழுதபோது, நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்திருந்தது. அவன் விழுந்தான். அதை நான் உயிரோடிருந்து கேட்டேன். அவன் விழுந்து பத்தாம் நாள் என் கசிவும் மூடிக்கொண்டது. பரிசோதனைத் தாளில், வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று வந்தது. போதகர் கட்டிலருகே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார். நானும் ஆமென் என்றேன். அந்த ஆமென்னைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஏனென்றால் அவன் என்னிடம் வரப் புறப்பட்டவன். எதைச் சொல்ல வந்தான்? எழுதினது நான்தான், மன்னியுங்கோ என்றா? நான் எழுதவில்லை, மூன்று தரம் மணி அடித்தும் நீங்கள் கதவைத் திறக்கவில்லை என்றா? எதுவாக இருந்தாலும் அது அவனுடைய தலைக்குள் இருந்தது. அதை அழித்தது நான்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், அருளானந்தத்தைப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு மாற்றிய பிறகு, கிறேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மொனிக்கா சொல்லித் தந்ததை எழுதி வைத்த தாளையும், அதில் இருந்த திகதியையும் காட்டினேன். மூன்று நாள் அவள் நேரத்துக்குச் சாப்பாட்டை மட்டும் மேசையில் வைத்தாள், ஊசி போட்டுவிட்டு நான் பட்டினி கிடக்கக்கூடாதென்று. நாலாம் நாள் வாய் திறந்தாள்.

“அருளண்ணை இருக்கிற இல்லத்திலை மத்தியானச் சாப்பாடு எத்தினை மணிக்கு?”

“தெரியாது.”

“போய்க் கேளுங்கோ. வெள்ளிக்கிழமையிலை நீங்கள்தான் அவருக்குக் கரண்டியாலை தீத்தவேணும்.”

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் போகிறேன். இராப்போசனக் கிண்ணத்தை நான் எடுப்பதில்லை. ஜெபிக்கிறேன், அதைவிட வேறு வாசல் எனக்குத் தெரியாது. என்ன கேட்பதென்றுதான் இன்னும் பிடிபடவில்லை. சில நாட்களில் பழைய சூடு திரும்பவும் ஏறுகிறது; அப்போது அவன்மேல் அல்ல, அதே கணக்கோடு என்மேல்.

பன்னிரண்டு மணிக்குத் தட்டு வரும். வெள்ளியென்றால் அங்கே மீனும் மசித்த உருளைக்கிழங்கும். தாதி அவனுக்கு ஊசி போட்டுவிட்டுப் போவாள். நான் கழுத்தில் துணியைக் கட்டிவிடுவேன். என்னை அவனுக்குத் தெரிகிறது, அல்லது குரல் தெரிகிறது. ஆனால் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் மிஞ்சியிருக்கிறது. பதினொரு வருடம் கேட்காததை நான் ஒவ்வொரு வெள்ளியும் கேட்கிறேன். போன வெள்ளியும் கேட்டேன்.

“அருள், அந்தக் கடிதம் நீயே எழுதினது?”

“ஓம், மாஸ்டர்.”

“இல்லை, நீ எழுதேல்லை. என்ன?”

“ஓம், மாஸ்டர்.”

“எனக்குத் தெரிஞ்சிருந்தது, அருள். தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான்.”

“ஓம், மாஸ்டர்” என்றுவிட்டு, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தான்.